செயன்முறை மேம்பாடு: ஊழியரைத் தலைமை தாங்கப் பயிற்றுவித்தல்

(க.பொ.த. சாதாரண தரம் – வணிகக் கல்வி)



திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் என்ற நான்கு முகாமைத்துவத் தொழிற்பாடுகளையும் உங்களை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பீர்கள். இவற்றைச் செய்பவர் யார் என்று கேட்டால் "முகாமையாளர்" என்று உடனே விடை வரும். விடை சரிதான். எனினும் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் ஒரு யுவதியோ, வைத்தியசாலையில் கட்டில் விரிப்பு மாற்றும் ஒரு சிற்றூழியரோ இந்த நான்கையும் செய்யமுடியுமா? முடியும். அதற்கு அவர்களைப் பயிற்றுவிக்கும் முறையும் உண்டு. அம்முறையையே இங்கு பார்க்கப்போகிறோம்.

செயன்முறை எனப்படுவது யாது?

உள்ளீடுகளை வெளியீடாக மாற்றுவதற்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்படும் வேலைகளின் தொடரே செயன்முறை ஆகும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், தரம்பிரித்தல் என்பன ஒரு செயன்முறை. பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றைப் பெறுவதும் ஒரு செயன்முறைதான். அங்கு உள்ளீடு உங்கள் விண்ணப்பம், வெளியீடு சான்றிதழ். இடையில் எத்தனை மேசைகள், எத்தனை கையொப்பங்கள், எவ்வளவு காத்திருப்பு என்பதை ஒருமுறை போய்வந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை.

இத்தொடரில் உள்ள வீண்விரயம், தாமதம், பிழை ஆகியவற்றைக் கண்டறிந்து குறைப்பது செயன்முறை மேம்பாடு எனப்படும். அதனை ஒரு குறித்த நோக்கத்துடனும், தொடக்கத் திகதி, முடிவுத் திகதியுடனும் ஒரு குழு மேற்கொள்ளும்போது அது ஒரு செயற்றிட்டமாகிறது. "எல்லோரும் நன்றாக வேலை செய்யுங்கள்" என்று அறிவித்தற் பலகையில் எழுதிவைப்பது செயற்றிட்டம் ஆகாது.

ஏன் ஊழியர் தலைமை தாங்க வேண்டும்?

வழமையாக வேலை முறையைத் திருத்துவதற்கு ஒரு பொறியியலாளரோ ஆலோசகரோ அழைக்கப்படுவார். அவர் இரண்டு கிழமை நின்று பார்ப்பார், அறிக்கை எழுதுவார், போய்விடுவார். அறிக்கை அலுமாரியில் இருக்கும். வேலை பழையபடி நடக்கும். காரணம் இலகுவானது. ஒரு வேலையில் எங்கே கை தடக்குகிறது என்பதை அதனை நாளொன்றுக்கு நூறு தடவை செய்பவரே அறிவார். மேலும், தாம் கண்டுபிடித்த முறையை ஊழியர் கைவிடுவது குறைவு. மேலேயிருந்து வந்த முறையை, மேலதிகாரி அப்பால் போனதும் கைவிடுவார்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாணவர் பலர் எழுதும் விடைகள் தட்டையாக இருப்பதும் இதைக் காணாததால்தான். வேலையை அறிந்திருப்பது வேறு; அந்த வேலையை மாற்றும் முயற்சிக்குத் தலைமை தாங்குவது வேறு. நன்றாகத் தைக்கத் தெரிந்த ஒருவருக்குக் கணக்கெடுக்கத் தெரியாதிருக்கலாம். கணக்கெடுக்கத் தெரிந்தவருக்குத் தம்மோடு சமமாக வேலை செய்யும் நான்கு பேரை இருத்திக் கதைக்கத் தெரியாதிருக்கலாம். கதைக்கத் தெரிந்தவரும் முகாமையாளரின் முன் போனதும் வாயடைத்து நிற்கலாம். இந்த இடைவெளிகளை நிரப்புவதே இங்கு பயிற்சியின் வேலை.

ஓர் உதாரணம்

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கற்பனை உதாரணம். எண்களைக் கவனித்துக்கொண்டு வாசியுங்கள்.

ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஒரு லைனில் நாளொன்றுக்கு 800 சேர்ட்டுகள் தைக்கப்படுகின்றன. அவற்றுள் 40 சேர்ட்டுகள் கொலர் சுருங்கியிருப்பதால் திருப்பியனுப்பப்படுகின்றன. அதாவது 5 சதவீதம். ஒவ்வொன்றையும் பிரித்துத் திரும்பத் தைக்க 6 நிமிடம் செல்கிறது. மேற்பார்வையாளர், "புதிதாக வந்த பிள்ளைகள் கவனமில்லாமல் தைக்கிறார்கள்" என்கிறார். இதனைக் கண்டறியும் பொறுப்பு மூன்று வருட அனுபவமுள்ள ஒரு மெஷின் ஒப்பரேட்டரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

பயிற்சி பெறாத ஒருவர் என்ன செய்வார்? மேற்பார்வையாளர் சொன்னதையே நம்பிப் புதிய பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார். பயிற்சி பெற்றவர் முதலில் ஒரு தாளில் கட்டம் கீறுவார். ஒரு பக்கம் இயந்திர இலக்கம், மறுபக்கம் நேரம். கொலர் பிழைத்த ஒவ்வொரு முறையும் உரிய கட்டத்தில் ஒரு கோடு. இதற்குக் கணினி தேவையில்லை. ஒரு பென்சில் போதும். ஆறு நாட்களின் பின் 240 கோடுகள் சேர்ந்துவிட்டன. இயந்திரங்களுக்கிடையில் பெரிய வித்தியாசம் இல்லை. புதியவர்களும் பழையவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு பிழை விட்டிருக்கிறார்கள். ஆனால் 240இல் 150 பிழைகள் காலை முதல் மணித்தியாலத்திலும், மதிய உணவுக்குப் பிந்திய முதல் மணித்தியாலத்திலும் நேர்ந்திருக்கின்றன. இது 62.5 சதவீதம்.

இப்போது கேள்வி மாறிவிட்டது. "யார் பிழை விடுகிறார்கள்?" என்பது போய், "அந்த இரண்டு மணித்தியாலங்களில் என்ன நடக்கிறது?" என்பது வந்துவிட்டது. குழு போய்ப் பார்த்தது. வெட்டும் பிரிவிலிருந்து துணிக் கட்டுகள் அந்த இரு நேரங்களிலும் ஒரே வண்டியில் மொத்தமாக வந்து குவிகின்றன. அளவுச் சீட்டுகள் கழன்று விழுகின்றன. ஓர் அளவு கொலர் இன்னோர் அளவு உடலில் தைக்கப்படுகிறது. சுருங்காமல் என்ன செய்யும்? குழு ஒரு ராக்கையில் அளவுக்கொரு நிறம் பூசி, கட்டுகள் வேலை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னரே அதில் அடுக்கப்படும்படி செய்து, மூன்று நாட்கள் பரீட்சித்துப் பார்த்தது. பிழை நாளொன்றுக்கு 40இலிருந்து 22 ஆகக் குறைந்தது. மிச்சமான நேரம் 18 × 6 = 108 நிமிடம். அதன் பின்னரே அம்முறை எழுதப்பட்டு, அந்த லைனின் நியம முறையாக்கப்பட்டது.

இவ்வுதாரணத்தில் திட்டமிடல், செய்து பார்த்தல், சரிபார்த்தல், நிலைநிறுத்தல் என்ற சுழற்சி இருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். குற்றம் சுமத்தப்பட்ட புதிய பிள்ளைகள் அந்தத் தாளினால் தப்பிக்கொண்டார்கள் என்பதையும் கவனியுங்கள். சரியாகக் கணக்கெடுக்கத் தெரியாத இடத்தில் பழி எப்போதும் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரின் தலையில்தான் விழும். உங்களில் சிலர் உயர்தரம் படிப்பீர்கள். சிலர் அடுத்த வருடமே ஒரு கடையிலோ தொழிற்சாலையிலோ கடைசியாகச் சேர்ந்தவராக நிற்பீர்கள்.

இம்முறை எங்கிருந்து வந்தது?

பலர் இதனை முழுக்க முழுக்க யப்பானின் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1940இல், ஐக்கிய அமெரிக்கா தொழிற்சாலைகளுக்குள்ளேயே பயிற்சியளிக்கும் ஓர் அரச சேவையை ஆரம்பித்தது. அனுபவமுள்ள ஆண்கள் படைக்குச் சென்றுவிட, தொழிற்சாலைகள் புதியவர்களால் நிரம்பின. அவர்களை வழிநடத்தும் மேற்பார்வையாளர்களுக்கு மூன்று பயிற்சிகள் வழங்கப்பட்டன: வேலையைக் கற்பிக்கும் முறை, வேலை முறையைத் திருத்தும் முறை, மனிதர்களுடன் பழகும் முறை. ஒவ்வொன்றும் 10 மணித்தியாலம் மட்டுமே. இரண்டு மணித்தியாலம் வீதம் ஐந்து அமர்வுகள். 1945 வரை 17 இலட்சத்துக்கும் அதிகமானோர் இப்பயிற்சிகளை முடித்துச் சான்றிதழ் பெற்றனர்.

இவற்றுள் வேலை முறையைத் திருத்தும் பயிற்சியே எமக்கு முக்கியமானது. அதில் நான்கு படிகள் இருந்தன. முதலில் வேலையைச் சிறு சிறு விபரங்களாகப் பிரிக்கவேண்டும். அடுத்து ஒவ்வொரு விபரத்தையும் கேள்வி கேட்கவேண்டும்: இது ஏன் தேவை? எங்கே, எப்போது, யார், எப்படிச் செய்வது சிறந்தது? மூன்றாவதாக, தேவையற்றதை நீக்கி, சேர்க்கக்கூடியதைச் சேர்த்து, ஒழுங்கை மாற்றி, எஞ்சியதை இலகுவாக்கவேண்டும். கடைசியாகப் புதிய முறையை மேலதிகாரியும் சக ஊழியரும் ஏற்கச் செய்து நடைமுறைப்படுத்தவேண்டும். இப்பயிற்சிக்கு வருபவர் வெறுங்கையுடன் வரமுடியாது. தமது சொந்த வேலையில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்து எல்லோர் முன்னிலையிலும் விளக்கவேண்டும். பத்து மணித்தியாலம் போதியதாக இருந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பது எனது கருத்து.

யுத்தத்தின் பின் இப்பயிற்சி யப்பானுக்குச் சென்றது. அதன் பிறந்தகத்தில் 1945இல் அச்சேவை மூடப்பட, யப்பானிய நிறுவனங்கள் அதை விடாமல் வளர்த்தன. ரொயோட்டா நிறுவனம் 1951இல் ஊழியர் யோசனைத் திட்டத்தை ஆரம்பித்தது. 1962இல் பேராசிரியர் கவோரு இஷிக்காவா முதலியோரின் முயற்சியால் தரவட்டங்கள் தோன்றின. ஒரே இடத்தில் வேலை செய்யும் சிலர் கூடித் தமது வேலையின் பிரச்சினைகளைத் தாமே ஆராயும் சிறு குழுவே தரவட்டம் ஆகும். மீன்முள் போலக் கீறப்படும் காரண–விளைவு வரைபடமும் இஷிக்காவாவின் பெயராலேயே அறியப்படுகிறது. "கைசென்" என்ற சொல் நல்லதை நோக்கிய மாற்றம் எனப் பொருள்படும்.

பிறீமொன்ற் தொழிற்சாலையின் கதை

இது சற்று விரிவாகச் சொல்லப்படவேண்டியது. கலிபோர்ணியாவின் பிறீமொன்ற் நகரில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் கார்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. வேலைக்கு வராமை நாளாந்தம் 20 முதல் 25 சதவீதம். தொழிற்சங்கத்துக்கும் முகாமைத்துவத்துக்கும் எந்நேரமும் பிணக்கு. 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் ரொயோட்டாவும் ஜெனரல் மோட்டோர்ஸும் கூட்டாக அதே இடத்தில் நியூமி என்ற பெயரில் உற்பத்தியை ஆரம்பித்தன. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பழைய தொழிற்சாலையின் அதே ஆட்கள், தொழிற்சங்கமும் அதேதான்.

மாறியது என்ன? குழுத் தலைவர்களாகத் தெரிவுசெய்யப்பட்ட சுமார் 450 பேர் யப்பானுக்கு அனுப்பப்பட்டு, மூன்று கிழமைகள் ரொயோட்டா ஊழியர்களின் அருகில் நின்று வேலை பழகினார்கள். முன்னர் நேரமானியுடன் வந்து ஊழியரை அளந்தவர்கள் பொறியியலாளர்கள். அவர்கள் வருவது தெரிந்தால் ஊழியர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதும் வழக்கம். நியூமியில் நேரமானி ஊழியரின் கைக்கே வந்தது. ஒருவர் வேலையை மற்றவர் அளந்து, எந்த முறை பாதுகாப்பானது, எது குறைந்த நேரம் எடுப்பது என்று குழுவாகத் தீர்மானித்து, அதைத் தாமே நியம முறையாக எழுதினார்கள். பிழை கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி லைனையே நிறுத்தும் அதிகாரமும் அவர்களுக்கு இருந்தது. 1986 முடிவில் அதன் உற்பத்தித்திறன் பழைய தொழிற்சாலையினதைப் போல் இரு மடங்கைத் தாண்டியிருந்தது. வேலைக்கு வராமை 3 முதல் 4 சதவீதமாகக் குறைந்தது.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். ஐந்து பேரின் வேலையை நான்கு பேர் செய்யலாம் என்று ஒரு குழு கண்டுபிடித்தால் ஐந்தாமவரின் கதி என்ன? இக்கேள்விக்கு விடையில்லாத இடத்தில் எந்தப் பயிற்சியும் எடுபடாது. தன் நண்பனின் சோற்றில் மண் போடுவதற்கு யார் நேரமானியைத் தூக்குவார்? நியூமியின் ஒப்பந்தத்தில், நிறுவனத்தின் இருப்பையே பாதிக்கும் நெருக்கடி வந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதி எழுதப்பட்டிருந்தது. 1987–88இல் விற்பனை வீழ்ந்தபோதும் எவரும் நிறுத்தப்படவில்லை. மேலதிகமாக இருந்தவர்கள் பயிற்சிக்கும் மேம்பாட்டு வேலைகளுக்கும் அமர்த்தப்பட்டார்கள். வாக்கு காப்பாற்றப்பட்டதைக் கண்ட பிறகு ஊழியரின் நம்பிக்கை இறுகியது. நியூமி 2010இல் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டோர்ஸ் 2009இல் கூட்டிலிருந்து விலகியதும், அதன்பின் ரொயோட்டாவும் விலக முடிவெடுத்ததும் காரணம். ஊழியரின் வேலைத் தரம் அல்ல.

"பட்டி" முறை

மோட்டரோலா நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் சிக்ஸ் சிக்மா என்ற முறையை உருவாக்கியது. பத்து இலட்சம் வாய்ப்புகளில் 3.4 பிழைகளுக்கு மேல் வரக்கூடாது என்பது அதன் இலக்கு. கராத்தே, ஜூடோ போலப் பயிற்சி பெற்றவருக்குப் பட்டிகள் உண்டு. தமது வழமையான வேலையோடு செயற்றிட்டத்தையும் நடத்துபவர் பச்சைப் பட்டியினர். முழுநேரமும் அதையே செய்பவர் கறுப்புப் பட்டியினர். ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனம் 1995இல் இதனைப் பின்பற்றியபின் உலகெங்கும் பரவியது. கறுப்புப் பட்டிப் பயிற்சி பொதுவாக நான்கு கிழமைகளாகும். ஆனால் அவை தொடர்ச்சியாக நடப்பதில்லை. மாதத்தில் ஒரு கிழமை படிப்பு, மிகுதி மூன்று கிழமைகள் தமது நிறுவனத்தில் ஒரு மெய்யான செயற்றிட்டம் என நான்கு மாதங்கள் செல்லும்.

இதில் உள்ள ஆபத்தையும் சொல்லவேண்டும். பட்டி என்பது பதவி உயர்வுக்கான சீட்டாக மாறும்போது ஆட்கள் பட்டிக்காகப் படிப்பார்கள். சுவரில் சான்றிதழ் தொங்கும். வாசலில் வரிசை குறையாது.

எமது நாட்டில்

கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையை அறிந்திருப்பீர்கள். 2000ஆம் ஆண்டளவில் அப்போதைய பணிப்பாளர் வைத்தியர் விமல் கரந்தகொட அங்கு ஐந்து எஸ் முறையை ஆரம்பித்தார். வேண்டாதவற்றை அகற்றல், ஒழுங்குபடுத்தல், துப்புரவாக்கல், நியமப்படுத்தல், ஒழுக்கமாகக் கடைப்பிடித்தல் என்பன அந்த ஐந்தும் ஆகும். உங்கள் பாடசாலைச் சுவரிலும் இவை எழுதப்பட்டிருக்கலாம். சுவரில் எழுதுவதோடு நிற்காமல், அந்த வைத்தியசாலையில் ஒவ்வொரு பிரிவிலும் வேலை மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவசரத்தில் ஒரு மருந்தையோ உபகரணத்தையோ தேடி அலைவது பிரசவ அறையில் உயிர்ப் பிரச்சினை. அது எங்கே வைக்கப்படவேண்டும் என்பதை அன்றாடம் எடுத்துப் பயன்படுத்துபவரைவிட வேறு யார் தீர்மானிப்பது?

இம்முயற்சி யப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு நிறுவனமான ஜெய்க்காவின் கவனத்தை ஈர்த்தது. 2007 முதல் ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகள் இதனைக் கற்க இலங்கைக்கு அழைத்து வரப்பட்டார்கள். காலப்போக்கில் 15 ஆபிரிக்க நாடுகள் இத்திட்டத்தில் இணைந்தன. யப்பானில் வளர்ந்த ஒன்றைத் தன்சானியாவும் செனகலும் கொழும்பில் பார்த்துப் படித்தன. கைநிறையப் பணம் இல்லாத வைத்தியசாலையிலும் இது நடக்கும் என்பதற்குக் காட்டக்கூடிய இடம் எமது நாட்டில் இருந்தது.

விடை எழுதும்போது

"செயன்முறை மேம்பாட்டுச் செயற்றிட்டங்களுக்குத் தலைமை தாங்க ஊழியரைப் பயிற்றுவிப்பதற்கு ஒரு நிறுவனம் செய்யவேண்டியவற்றை விளக்குக" என்று ஒரு வினா வந்தால் பலர் "பயிற்சி வகுப்பு நடத்தல், விரிவுரை வைத்தல், கையேடு வழங்கல்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். இவை மூன்றும் ஒரே விடயம். மூன்று புள்ளி கிடைக்காது. நிறுவனம் தரவேண்டியவை வேறு. ஊழியரின் சொந்த வேலையிலிருந்தே எடுத்த ஒரு மெய்யான பிரச்சினை. அதைச் செய்ய வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட்ட நேரம் (லீவு நாளில் வரச்சொன்னால் வருகிறவர் முகத்தைப் பாருங்கள்). தடக்குப்படும்போது கேட்பதற்கு அனுபவமுள்ள ஒருவர். சிறு அளவில் மாற்றிப் பார்க்கும் அதிகாரம். வேலை பறிபோகாது என்ற உறுதி. இவற்றுள் மூன்றையேனும் காரணத்துடன் எழுதுங்கள்.

வினைத்திறன், விளைதிறன் என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வளங்களை வீணாக்காமல் பயன்படுத்துவது வினைத்திறன். எதிர்பார்த்த நோக்கத்தை அடைவது விளைதிறன். கொலர் உதாரணத்தில் 108 நிமிடம் மிச்சமானது வினைத்திறனுக்குச் சான்று. வாடிக்கையாளருக்குச் சுருக்கமில்லாத சேர்ட் சென்றது விளைதிறனுக்குச் சான்று.

பயிற்சிக்காக ஒரு வினா: உங்கள் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் இடைவேளை 20 நிமிடம். மணி அடித்தபின்னரும் வரிசையில் மாணவர் நிற்கிறார்கள். இதனை ஆராயும் குழுவுக்கு நீங்கள் தலைவர். முதல் ஐந்து நாட்களில் எவற்றை எண்ணுவீர்கள், தாளில் எவ்வாறு கட்டம் கீறுவீர்கள், யாரிடம் என்ன கேட்பீர்கள் என்பதை எழுதுக. தீர்வு எழுதவேண்டாம். ஐந்து நாட்கள் எண்ணிய பின்னர்தான் தீர்வு.